ஃபைலில் ஏறாத வரிகள்

மணி அடித்தால் மெயினை இறக்க வேண்டும். நாரணாபுரத்தில் எங்கள் பட்டாசு கம்பெனியில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுகிற சட்டம் இது. புகை தெரிந்தால் மணி, தீ என்றால் மணி, இடி மின்னலோடு மேகம் கூடினாலும் மணி. ஆட்கள் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வேலியோரத்து மைதானத்துக்கு ஓடுவார்கள். வாட்ச்மேன் தங்கச்சாமி ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்குவார். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. என் கம்ப்யூட்டரும் அதே மெயினில் இருக்கிறது என்பதுதான் என் தலையெழுத்து.

நான் இசைவாணி. அந்தக் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். என் அம்மா வள்ளித்தாய் அங்கேயே ஏழாம் நம்பர் ரூமில் மருந்து செலுத்துகிறாள். மருந்து என்றால் வெடிக்குள் போகிற கலவை. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் வலப்பக்கம் போவாள், நான் இடப்பக்கம் போவேன். அந்த இடத்தில் தினமும் நின்று, அவள் ரூமுக்குள் நுழைகிற வரை பார்ப்பேன். பயமாக இருக்கிறது என்று சொன்னால் திட்டுவாள் என்பதால் ஒரு நாளும் சொன்னதில்லை.

சின்ன முதலாளி மகேஷ்குமார் சென்னையில் என்ஜினீயரிங் முடித்துவிட்டு வந்ததும் ரூம்களின் வெளிச்சுவரில் சூடு பார்க்கிற சென்சார் வைத்தார். அவரே ஒரு புரோகிராமும் எழுதினார். காலையில் நான் வந்ததும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளை அடிக்க வேண்டும். அதன்பிறகு வரி வரியாக ஓடும்: மணி எத்தனை, எந்த ரூம், சூடு எவ்வளவு. சூடு ஏறினால் அலாரம் அடிக்காதா என்று கேட்டேன். "அதெல்லாம் அடுத்த கட்டம்" என்றார். ஆகமொத்தம் அலாரம் நான்தான்.

ஏழாம் ரூமின் முதுகோடு ஒட்டி ஒரு குட்டி அறை உண்டு. அன்றைய வேலைக்கு வேண்டிய மருந்தை அதில் வைத்து எடுப்பார்கள். சாவி ஃபோர்மேன் காளிராஜிடம்தான் இருக்கும். சாயங்காலம் மருந்து மீந்தால் அன்றைக்கே அழித்துவிட வேண்டும். ஈரம் பட்டு ஒரு ராத்திரி கிடந்தால் நெருப்பு வைக்காமலே தானாகச் சூடேறும். இது எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

முதல் தடவை நான் மணி அடித்தது ஒரு மழைக்கு மறுநாள். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது, ஆர்டர் கழுத்தை நெரித்தது. மற்ற ரூம்களெல்லாம் சும்மா இருக்க, ஏழாம் ரூமின் சூடு மட்டும் வரிக்கு வரி ஏறியது. கொஞ்ச நேரம் பார்த்தேன். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஏறிக்கொண்டேதான் இருந்தது. உள்ளே அம்மா இருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் கால் தானாக எழுந்துவிட்டது. ஆபீஸ் வராந்தாவில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதற்குத்தான் மணி என்று பெயர். பக்கத்தில் மாட்டியிருக்கும் இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கி ஓங்கி அடித்தேன்.

எல்லாரும் ஓடிவந்தார்கள். முதல் ஆளாக அம்மா வந்தாள். தங்கச்சாமி மெயினை இறக்கினார். என் திரை அணைந்தது. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய் வெகுநாளாகிவிட்டது, சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள்.

"யாரும் கிட்ட வராதீக. நான் பாத்துட்டு வாரேன்" என்று காளிராஜ் தனியாகப் போனார். ரொம்ப நேரம் கழித்துத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். "ஒண்ணுமில்ல. குளுகுளுன்னு கெடக்கு. காய்ச்சல் ரூமுக்கு இல்ல தாயி, உன் பொட்டிக்குத்தான்."

மைதானமே சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் எல்லாருக்கும் கோபம் வந்தது. செலுத்துகிற கணக்குக்குத்தான் அவர்களுக்குக் கூலி. அன்றைக்கு அரை நாள் வீண். மெயின் ஏறியதும் நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை துடைத்துவைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. ஓடிய வரிகளில் ஒன்றுகூட எங்கேயும் இல்லை.

"ஏறுன லைன காட்டுங்க" என்றார் மகேஷ்குமார்.

"மெயின் இறக்கிட்டாக சார். எல்லாம் போயிருச்சு."

"அப்ப ஏறுச்சா ஏறலையான்னு நான் எத வச்சு நம்ப?" அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இனிமே எல்லாம் ஃபைல்ல சேவ் ஆகணும். சந்தேகம்னா பிரிண்ட் எடுத்துட்டு எனக்கு போன் போடுங்க. நான் சொன்னப்புறம் மணி."

அன்று பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "ஏட்டி, இனிமே அந்த மணிப்பக்கம் போன, கைய ஒடிச்சுப்புடுவேன். உன்னால என் மானம் கப்பலேறிப் போச்சு."

மறுநாளிலிருந்து எனக்குப் புதுப்பெயர். அம்மாவோடு ஏழாம் ரூமில் இருக்கிற மூக்கம்மாள்தான் வைத்தாள். "ஏ மணிக்காரி, இன்னைக்கு மணி எப்ப? நீ சொல்லிட்டேன்னா சோத்த முன்னாடியே தின்னுருவோம்ல." காளிராஜ் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தார். என்ன என்று யாரோ கேட்டதற்கு டீ கொட்டிவிட்டது என்றார். எனக்கு அவரைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. அதே நேரம் என் மேலேயே எனக்குச் சந்தேகம். நிஜமாகவே ஏறியதா, இல்லை அம்மா உள்ளே இருக்கிற பயத்தில் நானாகக் கற்பனை செய்துகொண்டேனா? ராத்திரி படுத்தால் அந்த வரிகள் கண்ணுக்குள் ஓடும். விடிந்தால் ஒன்றும் நிச்சயமாக நினைவில்லை.

சேவ் செய்வதை வீட்டில் போனில் தேடிப் படித்தேன். கட்டளையின் கடைசியில் ஒரு அம்புக்குறி போட்டு ஃபைல் பெயரைக் கொடுத்தால் திரைக்குப் போவதெல்லாம் ஃபைலுக்குப் போய்விடும். இவ்வளவு சுலபமா என்றிருந்தது. மறுநாள் காலை அப்படியே செய்தேன். ஃபைலில் வரி நிறைந்தது, ஆனால் திரையில் ஒரு எழுத்தும் இல்லை. அன்று பார்த்தா பெரிய முதலாளி ராஜபாண்டியன் ஆபீசுக்கு வர வேண்டும்!

"என்னம்மா, பொட்டி செத்துப்போச்சா?"

"ஓடுதுங்க முதலாளி. ஃபைல்ல எழுதிக்கிட்டு இருக்கு."

"ஓடுனா எனக்குத் தெரியணும்ல? சோதனை போட ஆபீசர் வந்தா எதக் காட்ட? இம்புட்டுச் செலவு பண்ணி இருட்டயா பாத்துக்கிட்டு இருக்க?"

எனக்கும் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அம்மா இருக்கிற ரூமின் சூடு கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயோ எழுதப்படுகிறது என்றால் எப்படி இருப்பு கொள்ளும்? மறுபடி தேடினேன். டீ என்று ஒரு கட்டளை இருப்பது தெரிந்தது. பிளம்பர் ஒரு குழாயை இரண்டாகப் பிரிக்க வைக்கிற டீ தான் அது. வருவதில் ஒரு வழி திரைக்கு, ஒரு வழி ஃபைலுக்கு. பழையது அழியாமல் அடியில் சேர்த்து எழுதவும் அதில் வழி இருந்தது. அதைப் போட்டதும் எல்லாருக்கும் திருப்தி. திரையும் ஓடியது, ஃபைலும் நிறைந்தது. மகேஷ்குமார் ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதான் ஆதாரம்" என்றார்.

ஒரே ஒரு வித்தியாசம். முன்பு வரிகள் ஒவ்வொன்றாக வரும். இப்போது திரை கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், பிறகு மொத்தமாகச் சரசரவென்று உருளும். பழைய கம்ப்யூட்டர், இரண்டு வேலை சேர்ந்து செய்வதால் திணறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பெரிய முதலாளிக்கு அந்த உருளல் ரொம்பப் பிடித்துப்போனது. "இப்பத்தான் ஸ்பீடா இருக்கு" என்றார்.

அடுத்த மழை பெய்தது. மறுநாள் மத்தியானம் வானம் வெளுத்து, வெயில் புழுங்கியது. டீ வந்து, குடித்து, டம்ளர்களைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். லோடு பில் வேலையில் குனிந்திருந்தவள் இப்போதுதான் திரையை நிமிர்ந்து பார்த்தேன். எப்போதோ மொத்தமாக உருண்டிருந்த திரை அசையாமல் நின்றிருந்தது.

ஏழாம் ரூம் முப்பத்தாறு. ஏழாம் ரூம் முப்பத்தெட்டு. ஏழாம் ரூம் முப்பத்தொன்பது. கடைசி வரியில் நாற்பத்தொன்று.

மற்ற ரூம்கள் எல்லாம் முப்பத்தைந்தோடு நின்றன. மணி, மணி என்று மனசு அடித்துக்கொண்டது. கை மட்டும் சின்ன முதலாளி சொன்னபடி பிரிண்டரைப் போட்டுவிட்டு ஆபீஸ் போனை எடுத்தது. அவர் சிவகாசி டவுனில் அச்சாபீசில் இருந்தார். பின்னால் மெஷின் சத்தம்.

"சார், ஏழாம் ரூம் ஏறுது. நாப்பத்தொண்ணு."

"எப்ப இருந்து? டைம் பாத்துச் சொல்லுங்க."

வரியின் தலையில் இருக்கிற நேரத்தைப் படிக்கக் குனிந்தேன். படித்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி வரியைப் படித்தேன். அந்தக் கடைசி வரியின் நேரத்தில் எங்களுக்கு டீயே வந்திருக்கவில்லை.

டீ வந்தது, குடித்தோம், டம்ளர் கழுவினார்கள். இவ்வளவும் நடந்து முடிந்திருக்கிறது. திரையோ டீக்கு முந்தின சூட்டையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் நாற்பத்தொன்று என்பது எப்போதோ இருந்த சூடு. இந்த நிமிடம் அங்கே எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். திரைக்கு நேராக எழுதும்போது புரோகிராம் ஒவ்வொரு வரியாக அனுப்புமாம். குழாய் வழியாக அனுப்பச் சொன்னால் சேர்த்து வைத்து, நிரம்பிய பிறகுதான் அனுப்புமாம். எங்கள் ஊர் ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் கிளம்பாது இல்லையா, அதேபோல. ஆதாரம் வேண்டும் என்று நான் வைத்த டீ கட்டளைதான் அம்மாவின் ரூமைப் பார்க்கிற கண்ணை மறைத்திருந்தது. ஆனால் அந்த நிமிடத்தில் இந்த விளக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. வரிகள் பழையவை என்பது மட்டும் தெரிந்தது.

"சார், இது பழைய சூடு சார். இப்ப எம்புட்டுன்னு தெரியல. நான் மணி அடிக்கேன்."

"இருங்க, இருங்க. பிரிண்ட் வந்துச்சா? அடுத்த லைன் வரட்டும். போன தடவ மாதிரி ஆயிரக்கூடாது..."

அடுத்த வரிகள் எப்போது உருளும்? பிரிண்டர் முனகிக்கொண்டு காகிதத்தை இழுத்தது. காத்திருந்தால் அந்த வரிகள் ஃபைலில் ஏறிவிடும், என் கையில் ஆதாரம் இருக்கும், யாரும் சிரிக்க முடியாது. மணி அடித்தால் தங்கச்சாமி மெயினை இறக்குவார், சேர்ந்து நிற்கிற வரிகள் அத்தனையும் போய்விடும். மறுபடியும் நான் வெறுங்கையோடு மைதானத்தில் நிற்க வேண்டும். இந்தத் தடவை வேலையும் போகும். அம்மா தலைநிமிர்ந்து அந்தக் கேட்டுக்குள் வர முடியாது. இதையெல்லாம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நினைத்துக்கொண்டே வராந்தாவுக்கு ஓடியிருந்தேன். போன் மேசைமேல் கிடந்து சார் குரலில் கத்திக்கொண்டிருந்தது.

கம்பியை எடுத்து அடித்தேன். கை விண்ணென்று தெறித்தது. அடித்துக்கொண்டே இருந்தேன். தங்கச்சாமி பாவம், முதல் அடிக்கே மெயினை இறக்கிவிட்டார்.

யாரும் ஓடிவரவில்லை. நடந்து வந்தார்கள். சிரித்துக்கொண்டும் முனகிக்கொண்டும், கடையிலிருந்து திரும்புகிறவர்கள் போல வந்தார்கள். "ஆரம்பிச்சுட்டாடா மணிக்காரி" என்று ஒரு குரல். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அம்மாவைக் காணோம். மூக்கம்மாளைக் காணோம். ஏழாம் ரூம் ஆட்களில் ஒருவரும் இல்லை.

"அம்மா எங்க?"

எட்டாம் ரூம்காரி ஒருத்தி அலட்சியமாகச் சொன்னாள். "வரல. 'எம் மக அடிச்ச மணிக்கு நானே ஓடுனா ஊரு சிரிக்கும். கையில இருக்கத முடிச்சிட்டு வாரேன்'னு உக்காந்திருக்கா."

கம்பியோடு ஓடினேன். அதைக் கீழே போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கல்லும் முள்ளும் காலில் குத்தியது தெரியவில்லை. அப்போது என்னைத் தாண்டிக்கொண்டு ஒரு ஆள் ஓடினார். காளிராஜ். அந்தப் பருத்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் நினைத்ததே இல்லை.

"வள்ளித்தாயக்கா! வெளிய வாங்க! எல்லாத்தையும் போட்டுட்டு வாங்க! ஏ மூக்கம்மா, வெளிய வாட்டி!"

வாசலில் நின்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். மூக்கம்மாளைச் சேலையோடு பற்றி இழுத்தார். உள்ளே இருந்த மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்த்தே ஓடிவந்துவிட்டார்கள். அம்மா என் மேல் வந்து மோதினாள். அவளை அணைத்தபடி ஓடினேன். மைதானத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்திருப்போம். முதுகுப்பக்கம் வெளிச்சம் அடித்தது, அப்புறம் சத்தம். எல்லாரும் மண்ணில் குப்புற விழுந்தோம். தலைக்கு மேல் கூரைத் துண்டுகள் பறந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தன.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஏழாம் ரூம் இருந்த இடத்தில் சுவர்களின் அடிப்பாகம் மட்டும் இருந்தது. நாங்கள் எல்லாரும் இருந்தோம். மூக்கம்மாளுக்கு முழங்காலில் சிராய்ப்பு, காளிராஜுக்கு நெற்றியில் ரத்தம், அவ்வளவுதான். பிறகு ஒருத்தி ஓவென்று அழ ஆரம்பித்தாள், அதன்பின் எல்லாரும் அழுதோம்.

தீயணைப்பு வண்டியும் மகேஷ்குமாரின் காரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காரிலிருந்து இறங்கியவர் ஏழாம் ரூமைப் பார்த்தார், எங்களை எண்ணினார், முகத்தைத் துடைத்துக்கொண்டார். நேராக என்னிடம் வந்தார். பழக்கதோஷம் எங்கே போகும்?

"பிரிண்ட் எடுத்தீங்களா?"

"பாதிதான் வந்துச்சு சார். நாப்பத்தொண்ணு வரைக்கும்தான் ஃபைல்ல இருக்கும். அதுக்கப்புறம் ஒண்ணும் ஏறல."

"நாப்பத்தொண்ணு பெரிய சூடு இல்லையே இசைவாணி. நாளைக்கு ஆபீசர் கேப்பாங்க. எத வச்சு அடிச்சீங்க?"

என்ன சொல்வது? தெரியாததை வைத்து அடித்தேன் என்றா? உயிரோடு நிற்கிற இத்தனை பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுபடியும் என்னிடம் ஆதாரம் கேட்கிறார். கோபத்தில் எனக்குக் கண் நிறைந்தது.

"அன்னைக்கும் சூடாத்தான் இருந்துச்சு."

சொன்னது காளிராஜ். மண்ணில் உட்கார்ந்திருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எந்த அன்னைக்கு?" என்றார் மகேஷ்குமார்.

"இந்தப் புள்ள மொதல்ல மணி அடிச்சதே, அன்னைக்கு. முந்தின நாள் மருந்து மீந்து போச்சு. ஆர்டர் நெருக்கடி, அழிக்க மனசு வரல. டப்பாவோட அந்தக் குட்டி ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன். போய்த் தொட்டா கொதிக்கி. தூக்கியாந்து பின்னாடி மண்ணுல கொட்டிப் பரத்திட்டு வந்து, ஒண்ணுமில்லன்னு சொன்னேன்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் உரிந்து வெளுத்த தழும்பு. "நேத்தும் மீந்துச்சு. நேத்தும் வச்சேன். இன்னைக்கு மணிச் சத்தம் கேட்டதும் எனக்கு விளங்கிருச்சு சார். அதான் ஓடுனேன்."

மூக்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அடப்பாவி. அம்புட்டு நாளும் கூடச் சேந்து சிரிச்சியே" என்றவள், காறித் துப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதாள்.

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அம்மாவை இழுத்து வெளியே தள்ளியதும் அதே கைதான் என்பதால் அதுவும் முடியவில்லை. அப்போதுதான் பார்த்தேன், என் வலது கை இன்னும் அந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. விட நினைத்தாலும் விரல் விறைத்துப்போய் வரவில்லை.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காளிராஜைப் பார்க்கவில்லை, சின்ன முதலாளியைப் பார்க்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பியை எடுத்துக் கீழே வைத்தாள். "விடுட்டி. போதும், எல்லாரும் வந்துட்டோம்" என்றாள். ஒடித்துப்போடுவேன் என்றிருந்தாளே, அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். போலீஸ் வந்து பெயரெல்லாம் எழுதி, கேட்டில் போனை வாங்கி, பஸ் ஏறி வீடு வருகிற வரைக்கும் அதை அவள் விடவில்லை.